கோப்பு அனுப்ப எது சரியான வழி? வாங்குபவரின் பக்கமிருந்து பார்ப்போம்

கோப்பு ஒன்றை அனுப்ப எது நல்ல வழி என்று யாராவது கேட்டால், நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அது கைக்குக் கிடைத்ததும் அவர் என்ன செய்யப்போகிறார்? போனில் ஒருமுறை பார்த்துவிட்டு விடுவாரா, அச்சடிப்பாரா, திருத்தி உங்களுக்கே திருப்பி அனுப்புவாரா, பல வருடம் பத்திரமாக வைத்திருப்பாரா? இதற்குப் பதில் கிடைத்தால் வழி பாதி தெரிந்துவிடும். நம்மில் பெரும்பாலானோர் மறுபக்கத்திலிருந்து தொடங்குகிறோம். கையில் வட்ஸ்அப் திறந்திருக்கிறது, எல்லாவற்றையும் அதற்குள்ளேயே தள்ளிவிடுகிறோம்.

படிப்புக்கோ வேலைக்கோ கொழும்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஊரில் நேரே கொண்டுபோய்க் கொடுத்த தாள்கள் எல்லாம் இங்கே கோப்பாகக் கேட்கப்படுகின்றன. வீட்டுக்காரருக்கு அடையாள அட்டைப் பிரதி, கம்பனிக்குச் சுயவிபரக் கோவை, பல்கலைக்கழகத்துக்கு ஒப்படை, வெளிநாட்டுச் சொந்தங்களுக்குக் கலியாண வீடியோ. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான வழி வேறு. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் அளவைப் பாருங்கள்

எந்தக் கோப்பையும் அனுப்புமுன் அதன் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். கணினியில் கோப்பின் மேல் வலது பொத்தானை அழுத்தி விபரங்களைப் பார்க்கலாம். போனில் கோப்பை அழுத்திப் பிடித்தால் விபரம் வரும். ஆயிரம் கேபி ஏறத்தாழ ஒரு எம்பி, ஆயிரம் எம்பி ஏறத்தாழ ஒரு ஜிபி. இரண்டு பக்கச் சுயவிபரக் கோவை சில நூறு கேபிக்குள் அடங்கும். இன்றைய போனில் எடுத்த ஒரு படம் சாதாரணமாக 3 முதல் 5 எம்பி வரை. ஒரு நிமிட வீடியோ, போனைப் பொறுத்தும் தரத்தைப் பொறுத்தும், 60 எம்பியிலிருந்து நூற்றுக்கணக்கான எம்பி வரை போகும்.

அடுத்தது வேகம். இணைய நிறுவனங்கள் வேகத்தை எம்பிபிஎஸ் என்று சொல்வது பிட் கணக்கில். கோப்பின் அளவு பைட் கணக்கில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே விளம்பரத்தில் காணும் எண்ணை எட்டால் வகுத்தால்தான் ஒரு விநாடிக்கு எத்தனை எம்பி போகும் என்பது வரும். அதோடு, பல இணைப்புகளில் மேலேற்றும் வேகம் இறக்கும் வேகத்தைவிடக் குறைவு. 700 எம்பி வீடியோவை 4 எம்பிபிஎஸ் மேலேற்று வேகத்தில் அனுப்பினால் 1400 விநாடி, அதாவது 23 நிமிடத்துக்கு மேல் ஆகும். இந்தக் கணக்கை முதலில் போட்டுக்கொண்டால், போனைக் கையில் பிடித்தபடி அரைமணி நேரம் வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உங்கள் டேட்டாவைப் போலவே வாங்குபவரின் டேட்டாவையும் நினைத்துப் பாருங்கள். மாதக் கடைசியில் பெக்கேஜ் முடிந்து கிடப்பவருக்கு 500 எம்பி அனுப்பினால் அவர் அதைத் திறக்கப்போவதில்லை. பல வீட்டு இணையப் பெக்கேஜ்களில் நள்ளிரவுக்குப் பிறகு பயன்படுத்தத் தனியாக டேட்டா தருகிறார்கள். பெரிய கோப்பை மேலேற்றும் வேலையை அந்த நேரத்துக்கு ஒத்திவையுங்கள்.

வட்ஸ்அப்: படமாகவா, டொக்கியுமென்டாகவா?

நம் ஆட்கள் எல்லோரிடமும் இருப்பது வட்ஸ்அப் என்பதால் இதை விரிவாகச் சொல்ல வேண்டும். சின்னக் கோப்பு, தெரிந்த ஆள், உடனே பார்த்தால் போதும் என்ற நிலையில் இதைவிட எளிய வழி இல்லை. உரையாடல்கள் 2016 முதல் இரு முனைக்குமிடையே மறையாக்கம் செய்யப்படுகின்றன. நடுவில் இருப்பவர் படிக்க முடியாது. கோப்பு ஒன்று 2 ஜிபி வரை இருக்கலாம்.

சிக்கல் எல்லாம் படத்திலும் வீடியோவிலும்தான். படத்தைப் படமாகவே அனுப்பினால் வட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். சாதாரணத் தரத்தில் நீளப்பக்கம் ஏறத்தாழ 1600 புள்ளிகளுக்கு இறங்கிவிடுகிறது. போன் திரையில் வித்தியாசம் தெரியாது, அச்சில் நன்றாகத் தெரியும்.

நினைவு மலர் அச்சடிக்கும் வேலையில் இது அடிக்கடி நடக்கிறது. அந்தியேட்டிச் சடங்குக்கு இன்னும் இரண்டு கிழமைதான் இருக்கும். இறந்தவரின் படங்கள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் உள்ள பிள்ளைகளின் போன்களில் சிதறிக் கிடக்கும். எல்லோரும் வட்ஸ்அப் குழுவில் போடுவார்கள். அவை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறி, கடைசியில் கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ உள்ள அச்சகத்துக்கு வந்து சேரும்போது முகம் மங்கலாகிவிட்டிருக்கும். ஏ5 அளவுப் பக்கம் ஒன்றை முழுதாக நிரப்பும் படம் தெளிவாக அச்சாக, அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், குறைந்தது 1748க்கு 2480 புள்ளிகள் வேண்டும். போனில் எடுத்த மூலப்படம் 4000க்கு 3000 இருக்கலாம், தாராளமாகப் போதும். அதை வழியில் சுருக்கித் தொலைத்துவிடுகிறோம். அம்மாவின் கடைசி நல்ல படம் அப்படிக் கெட்டுப்போவதைப் பார்க்கச் சகிக்காது.

இதற்குத் தீர்வு சுலபம். வட்ஸ்அப்பில் இணைப்புக் குறியை அழுத்தினால் ‘டொக்கியுமென்ட்’ என்று ஒன்று இருக்கும். அதற்குள் போய்ப் படத்தைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால் மூலப்படம் ஒரு புள்ளியும் குறையாமல் போகும். வெளிநாட்டில் உள்ள மாமிக்கு இப்படி ஒரு குரல்பதிவு அனுப்பினால் போதும்: “மாமி, படத்தைப் படமா அனுப்பாதேங்கோ. டொக்கியுமென்ட் எண்டு ஒண்டு இருக்கு, அதுக்குள்ளால அனுப்புங்கோ. அச்சடிக்கிறதுக்கு அதுதான் வேணும்.” 2023இல் வந்த எச்டி தெரிவு சாதாரணத்தைவிட நல்லதுதான், என்றாலும் அதுவும் சுருக்கவே செய்கிறது. அச்சுக்கு டொக்கியுமென்ட்டே சரி.

ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். டொக்கியுமென்ட்டாக அனுப்பும்போது படத்துக்குள் பதிந்திருக்கும் விபரங்களும் சேர்ந்தே போகும்: எடுத்த நேரம், போனின் வகை, இடப்பதிவு இயக்கப்பட்டிருந்தால் எடுத்த இடமும். சொந்தங்களுக்குப் போவதில் கவலையில்லை. அறியாதவருக்கு உங்கள் வீட்டுக்குள் எடுத்த படத்தை அனுப்பும்போது இடவிபரத்தை நீக்கிவிட்டு அனுப்புங்கள்.

கொமினிகேஷனில் பிரின்ட் எடுக்கும்போது

காலி வீதியோரக் கொமினிகேஷன்களில், அதாவது பிரதியும் அச்சும் எடுத்துத் தரும் கடைகளில், வட்ஸ்அப் இலக்கம் சுவரில் ஒட்டியிருக்கும். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கூற்று எல்லாவற்றையும் அங்கே அனுப்பி அச்செடுக்கிறோம். வேகமான வழிதான். ஆனால் அனுப்பிய கோப்பு கடையின் போனிலும் இருக்கும், கணினியின் டவுன்லோட்ஸ் அடைவிலும் இருக்கும். நீங்கள் பிறகு ‘எல்லோருக்கும் அழி’ என்று கொடுத்தாலும் உரையாடலில் இருப்பதுதான் அழியும், கணினியில் இறக்கிய பிரதி அப்படியே கிடக்கும். அச்செடுத்து முடிந்ததும் “தம்பி, டவுன்லோட்ஸுக்குள்ள இருக்கிறதையும் ரீசைக்கிள் பின்னுக்குள்ள இருக்கிறதையும் அழிச்சுவிடுங்கோ” என்று நின்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

இன்னும் நல்லது, அந்த ஒரு கோப்பு மட்டும் உள்ள பென் டிரைவைக் கொண்டுபோவது. கடைக் கணினியில் உங்கள் மின்னஞ்சலுக்குள் நுழைவதோ, வட்ஸ்அப் வெப்பை இணைப்பதோ வேண்டாம். அவசரத்துக்கு இணைத்துவிட்டீர்கள் என்றால், கடையை விட்டு வெளியேறுமுன் போனில் ‘இணைத்த சாதனங்கள்’ பகுதிக்குப் போய் அந்தக் கணினியை நீக்கிவிடுங்கள்.

அடையாள அட்டைப் பிரதியை வீட்டுக்காரருக்கோ முகவருக்கோ கொடுக்கும்போது, அதன் குறுக்கே இன்ன தேவைக்கு மட்டும் என்று திகதியோடு எழுதி, அதை ஸ்கான் செய்து அனுப்பலாம். அந்தப் பிரதியை வேறு காரியத்துக்குப் பயன்படுத்துவது அவ்வளவு சுலபமாக இராது.

மின்னஞ்சல்: பதிவு வேண்டிய இடங்களுக்கு

அலுவலகம், தூதரகம், பல்கலைக்கழகம், வங்கி. இவர்களுக்கு யார், எப்போது, எதை அனுப்பினார் என்பதற்கு ஒரு தடயம் வேண்டும். உங்களுக்கும்தான் வேண்டும். நான்கு மாதம் கழித்து “நீங்கள் தரவில்லையே” என்று சொன்னால் எடுத்துக்காட்ட மின்னஞ்சல்போல உதவுவது வேறில்லை.

ஜிமெயிலில் அனுப்பும் கடிதத்தின் உச்ச அளவு 25 எம்பி. ஆனால் இணைப்புகள் மின்னஞ்சலில் பயணிக்கும்போது எழுத்துகளாக மாற்றப்படுவதால் மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும். ஆகவே 18 எம்பியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெறுபவரின் அலுவலகச் சேவையகம் இன்னும் குறைந்த எல்லை வைத்திருக்கலாம். 5 எம்பிக்குள் அடங்கினால் நிம்மதி. ஸ்கான் செய்யும்போது எழுத்துப் பக்கங்களுக்கு 200 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 200 புள்ளி, போதும். வர்ணம் தேவையில்லாத இடத்தில் சாம்பல் நிறத்தில் எடுத்தால் அளவு நன்றாகக் குறையும்.

கோப்பின் பெயரையும் கவனியுங்கள். ஸ்கான் 0012 என்ற பெயரோடு வரும் நாற்பது கோப்புகளுக்குள் உங்களுடையதை அந்த அலுவலர் எப்படித் தேடுவார்? உங்கள் பெயர், ஆவணத்தின் வகை, ஆண்டு மூன்றையும் பெயரிலேயே வையுங்கள். அலுவலகங்களுக்கு அனுப்பும் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வைப்பது பாதுகாப்பு. தமிழில் பெயரிட்ட கோப்புகளை ஒன்றுகட்டி ஸிப்பாக அனுப்பும்போது, சில பழைய கணினிகளில் பெயர் குழம்பிப்போகிறது.

பாமினியில் அடித்த கோப்புகள்

தமிழில் எழுதி அனுப்புபவர்களுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இது. பொது வழிகாட்டிகள் எதிலும் வராது என்பதால் இங்கே சொல்கிறேன். இலங்கையில் அச்சகங்களிலும் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பாமினி எழுத்துரு இன்னும் உயிரோடு இருக்கிறது. எல்லாக் கணினிக்கும் போனுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் அமைந்த எழுத்துரு இல்லை அது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய முறை. நீங்கள் பாமினியில் அடித்த வேர்ட் கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ போனிலோ திறந்தால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குழப்பம்தான் தெரியும். ஊரிலிருந்து வந்த விண்ணப்பம் கொழும்பு அலுவலகத்தில் இப்படித் திறக்கும்போது, கோப்பு பழுதாகிவிட்டது என்றே அங்குள்ளவர் நினைப்பார்.

இங்கேயும் பெறுபவர் என்ன செய்யப்போகிறார் என்பதே தீர்மானிக்கிறது. வாசிக்கவோ அச்சடிக்கவோ மட்டும் என்றால், பிடிஎப் ஆக மாற்றி அனுப்புங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்துவிடுவதால் எங்கே திறந்தாலும் அப்படியே தெரியும். மாற்றியபின் உங்கள் போனில் ஒருமுறை திறந்து பார்த்தால் பதிந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். திருத்தப்போகிறார் என்றால், எழுத்துரு மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு மாற்றி வேர்ட் கோப்பாகவே அனுப்புங்கள். மாற்றியபின் எண்கள், நிறுத்தக்குறிகள், நடுவில் வரும் ஆங்கிலச் சொற்கள் மூன்றையும் சரிபாருங்கள், பிழை அங்கேதான் வரும். அச்சகத்தில் பாமினியில்தான் வேலை செய்கிறார்கள் என்றால் அவர்களிடமே கேட்டு, அவர்கள் விரும்பும் வடிவத்தில் கொடுங்கள். கூடவே சரிபார்க்க ஒரு பிடிஎப் பிரதியும் வையுங்கள்.

பெரிய கோப்புக்கு லிங்க்

மின்னஞ்சலுக்குச் சொன்ன 18 எம்பியைத் தாண்டினால், அல்லது ஒரே கோப்பைப் பலருக்குக் கொடுக்க வேண்டுமென்றால், அதை ஓரிடத்தில் ஏற்றிவிட்டு லிங்கை மட்டும் அனுப்புவதே முறை. கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம். இந்த 15க்குள் ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது நிரம்பினால் புதிய மின்னஞ்சல் வருவதும் நின்றுபோகும். ஒன்டிரைவில் 5 ஜிபி, டிரொப்பொக்ஸில் 2 ஜிபி இலவசம்.

டிரைவில் செய்யும் ஒழுங்கு இது:

1. கோப்பை ஏற்றி முடியும்வரை பொறுத்திருங்கள். பாதியில் லிங்கை அனுப்ப வேண்டாம்.
2. பகிரும் பொத்தானை அழுத்துங்கள். பெறுபவரின் கூகுள் முகவரி தெரிந்தால் அதையே சேருங்கள், அவர் மட்டும் திறக்கலாம்.
3. முகவரி தெரியாவிட்டால் லிங்க் உள்ள எவரும் திறக்கலாம் என்ற தெரிவுக்கு மாற்றுங்கள். இதை மாற்ற மறந்தால் அவருக்கு ‘அனுமதி கேளுங்கள்’ என்ற பக்கம்தான் வரும்.
4. பார்க்க மட்டுமா, குறிப்பு எழுதவா, திருத்தவா என்பதைத் தெரிவு செய்யுங்கள். காரணமில்லாமல் திருத்தும் உரிமை கொடுக்க வேண்டாம்.
5. லிங்க் உள்ள எவரும் திறக்கலாம் என்று மாற்றியிருந்தால், உலாவியில் மறைநிலைச் சாளரம் ஒன்றைத் திறந்து, லிங்கை அதில் ஒட்டிப் பாருங்கள். அங்கே திறந்தால் லிங்க் வைத்திருக்கும் மற்றவர்களுக்கும் திறக்கும்.

ஐந்தாவது படியை விடவே வேண்டாம். ஒப்படை கடைசி நாள் நள்ளிரவில், விரிவுரையாளரின் திரையில் அனுமதி கேட்கும் பக்கம் வந்தால், நேரத்துக்கு அனுப்பினேன் என்று நீங்கள் சொல்வதை யாரும் ஏற்கப்போவதில்லை.

பலரிடமிருந்து படங்களைச் சேர்க்கவும் இதுவே வழி. ஒரு அடைவைத் திறந்து எல்லோருக்கும் அதன் லிங்கைக் கொடுத்தால், நினைவு மலருக்கான படங்கள் சுருங்காமல் ஒரே இடத்தில் வந்து சேரும். அதில் ஏற்றுவதற்குத் திருத்தும் உரிமை கொடுக்க வேண்டியிருக்கும், அந்த உரிமை உள்ளவர் நீக்கவும் முடியும். ஆகவே இரவில் ஒருமுறை எல்லாவற்றையும் உங்கள் கணினிக்கு இறக்கி வையுங்கள். பல்கலைக்கழகமோ கம்பனியோ தந்த கணக்கில் குடும்பக் கோப்புகளை வைக்காதீர்கள். அங்கிருந்து விலகும் நாளில் கணக்கு மூடப்படும், லிங்குகளும் அதோடு சாகும்.

கையோடு கொண்டுபோவது

கலியாண வீடியோவோ அரங்கேற்ற வீடியோவோ சுருக்காத வடிவில் 200 ஜிபி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 எம்பிபிஎஸ் மேலேற்று வேகத்தில் அது ஏற 44 மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். இரவு பஸ்ஸில் போகும் ஒருவரிடம் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்தால் விடியும்போது போய்ச் சேர்ந்துவிடும். இணையம் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று நினைக்காதீர்கள், கணக்குப் போட்டால் பஸ்தான் வேகம். ஒரே நிபந்தனை: உங்களிடம் ஒரு பிரதி இல்லாமல் ஹார்ட் டிஸ்க்கைக் கை மாற்ற வேண்டாம்.

பென் டிரைவில் இடமிருந்தும் பெரிய வீடியோ ஏற மறுத்தால், பெரும்பாலும் காரணம் அது எப்ஏடி32 முறையில் வடிவமைக்கப்பட்டிருப்பது (ஃபோர்மட்). அதில் தனிக்கோப்பு ஒன்று 4 ஜிபியை எட்ட முடியாது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு எடுத்துவிட்டு எக்ஸ்எப்ஏடி முறைக்கு வடிவமைத்தால் சரியாகிவிடும். பழைய தொலைக்காட்சியில் போட்டுப் பார்க்கப்போகிறவரிடம் மட்டும் முதலில் கேளுங்கள், சில பழைய பெட்டிகள் எக்ஸ்எப்ஏடியை வாசிக்காது.

நம்பமுடியாத மலிவு விலைக்கு ஒரு டெராபைட் பென் டிரைவ் கிடைத்தால் வாங்காதீர்கள். உள்ளே சில ஜிபிதான் இருக்கும், மேலே அச்சடித்த எண் பொய். கோப்பு ஏறியதுபோல் காட்டிவிட்டுத் திறக்கும்போது வெறுமையாக இருக்கும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா போன்ற கணினிக் கடைத் தொகுதிகளில் உத்தரவாதச் சீட்டோடு வாங்குங்கள்.

பலர் கைபட்ட கணினியில் செருகிய பென் டிரைவில் உங்கள் அடைவுகள் மறைந்து, அவற்றின் பெயரிலேயே குறுக்குவழிக் குறிகள் தெரிந்தால் அது வைரஸ். அந்தக் குறிகளை அழுத்தாதீர்கள். கோப்புகள் பெரும்பாலும் மறைக்கப்பட்டுத்தான் இருக்கும், அழிந்திருக்காது. வைரஸ் தடுப்பியால் சுத்தம் செய்தபின் மீட்கலாம்.

ஒரே அறைக்குள் இருப்பவர்களுக்கு டேட்டாவே வேண்டாம். அன்ட்ரொயிட் போன்களுக்கிடையே குயிக் ஷெயார், ஐபோன்களுக்கிடையே ஏர்டிரொப். இரண்டும் கலந்திருந்தால், அல்லது கணினியும் இருந்தால், லோக்கல்சென்ட் என்ற இலவசச் செயலியைப் போடுங்கள். ஒரே வைஃபையில் இருந்தால் போதும், கோப்பு வெளி இணையத்துக்குப் போகாமல் நேரே கைமாறும்.

இரகசியம் வேண்டியவை

காணி உறுதி, மருத்துவ அறிக்கை, வங்கி விபரம் போன்றவற்றைப் பிடிஎப்பில் கடவுச்சொல் போட்டோ, 7ஸிப் என்ற செயலியில் கடவுச்சொல்லோடு கட்டியோ அனுப்புங்கள். கடவுச்சொல்லை அதே மின்னஞ்சலில் எழுதினால் பூட்டியதில் பயனில்லை, போனில் அழைத்துச் சொல்லுங்கள். டெலிகிராமின் சாதாரண உரையாடல் இரு முனை மறையாக்கம் கொண்டதல்ல. இரகசிய உரையாடலைத் தனியாகத் தொடங்கினால்தான் அது உண்டு. சிக்னல் என்ற செயலியில் எல்லா உரையாடலுக்கும் அது இருக்கிறது. வேலையிடத்தில் வாடிக்கையாளரின் விபரங்களைக் கையாள்பவர்கள், தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022இல் நிறைவேற்றிய 9ஆம் இலக்கச் சட்டம் இருப்பதை நினைவில் கொண்டு, அவற்றைச் சொந்த வட்ஸ்அப்பில் அனுப்பாமல் அலுவலகம் தந்த வழியிலேயே அனுப்ப வேண்டும்.

இரண்டாவது வழி ஒன்று கையில் இருக்கட்டும்

2018 மார்ச்சில், 2019 ஏப்ரலில், மீண்டும் 2022 ஏப்ரலில் இந்த நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. வட்ஸ்அப்பும் அதில் அடங்கியது. அந்த நாட்களிலும் மின்னஞ்சல் போய்க்கொண்டிருந்தது. முக்கியமான ஆட்களின் மின்னஞ்சல் முகவரியை வாங்கி எழுதி வையுங்கள். குடும்பப் படங்களும் ஆவணங்களும் வட்ஸ்அப்புக்குள் மட்டும் இருக்க விடாதீர்கள்.

எல்லோருக்கும் பொதுவாக இருக்கவேண்டிய கோப்புகளும் உண்டு. பழைய கோயில் மலர், பாடசாலைச் சஞ்சிகை, ஊர்ச் சங்க வெளியீடு. அவற்றை லிங்காகச் சுற்ற விடுவதைவிட, 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் ‘நூலகம்’ என்ற இணைய நூலகத்துக்குக் கொடுங்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது வேறெங்கும் பிரதி இல்லாதவை திரும்பி வரவேயில்லை. உரிமையாளரின் அனுமதியை வாங்கிக்கொண்டு, ஸ்கானை 300 டிபிஐயில் எடுங்கள்.

அனுப்பிய பிறகு

நீல நிறச் சரி இரண்டு விழுந்தால், செய்தியைப் பார்த்தார் என்பது மட்டும்தான் தெரியும். கோப்பு அவர் பக்கம் திறக்கிறதா, எல்லாப் பக்கமும் இருக்கிறதா, எழுத்து சரியாகத் தெரிகிறதா என்று கேளுங்கள். அவர் இறக்கிவிட்டார் என்று தெரிந்ததும் லிங்கின் அனுமதியை நீக்கிவிடுங்கள்; திறந்தபடி கிடக்கும் லிங்க் யார் கையில் போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது. அனுப்பும்போதே இப்படி ஒரு வரி சேர்த்து எழுதினால் இரண்டு வேலையும் முடிந்துவிடும்: “அண்ணை, மூண்டு கோப்பு இருக்கு, மூண்டும் திறக்குதா எண்டு பாத்துச் சொல்லுங்கோ. வெள்ளிக்கிழமைக்கு முதல் இறக்கி வையுங்கோ, அதுக்குப் பிறகு லிங்கை மூடிவிடுவன்.”